ஃப்ரீயாத்தான இருக்க

ஜூன் 16, திங்கள்
அனல் காற்று. கொடியில் கிடந்த சேலையெல்லாம் புழுதி. மறுபடி அலச வேண்டும்.

அங்கன்வாடி வேலைக்கு நேர்காணல் கடிதம் வந்துவிட்டது! வியாழன், காலை 10, திருச்சுழி. அடுத்த மாதம் எனக்கு வயது வரம்பு தாண்டிவிடும். இதை விட்டால் மனுப் போடவும் முடியாது.

மில் ஷிப்டு முடித்து வந்த வீட்டுக்காரரிடம் நீட்டினேன். வாசிக்கக்கூட இல்லை.

"வியாழக்கிழமையா? அம்மாவ அருப்புக்கோட்டைக்குக் கண்ணு காட்டக் கூட்டிட்டுப் போகணும்ல."

"உங்க தங்கச்சி டவுனுலதான இருக்கா?"

"அவ வேலைக்குப் போறவ. நீ ஃப்ரீயாத்தான இருக்க."

ஃப்ரீயாம். நாலரைக்கு எழுந்தவள் இன்னும் உட்காரவில்லை.

ஜூன் 17, செவ்வாய்
அந்தச் சனியன் பிடித்த வார்த்தை இன்று காதில் விழுந்த இடங்கள்:

– விடிந்ததும் மாமியார்: "வயிறு ஃப்ரீயாப் போகலத்தா." கஷாயம் வைத்தது நான்.

– டவுன் பஸ் கண்டக்டர்: "ஃப்ரீ டிக்கெட்டெல்லாம் உள்ள போ." டிக்கெட்டாம்! மனுஷி இல்லையா?

– நாத்தனார், போனில்: "மதினி, ஃப்ரீயா இருந்தா கொஞ்சம் மாவாட்டிக் கொடுத்துவிடுங்களேன்." கையில் வளையல் தேயாமல் இருக்க வேண்டுமே அவளுக்கு.

– மோட்டார் ரிப்பேர் பார்க்க வந்தவர்: "நட்டு ஃப்ரீயாயிருச்சுக்கா. எப்ப வேணாலும் கழண்டுரும்." இது ஒன்றுதான் எனக்குப் பொருந்துகிறது.

– நான் முறைத்ததற்கு இவர்: "ஏய், ஃப்ரீயா விடு."

விட மாட்டேன்.

ஜூன் 18, புதன்
சொல்லிவிட்டேன். "நாளைக்கு நான் ஃப்ரீ இல்ல. உங்கம்மாவ நீங்களே கூட்டிட்டுப் போங்க."

உள்ளேயிருந்து மாமியார்: "ஃப்ரீ இல்லையாம்ல! கலெக்டரம்மா."

இவர் சோறு வேண்டாமென்று படுத்துவிட்டார். கெஞ்சவில்லை. சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டேன். ஆட்டுக்குக் குழை ஒடித்தாயிற்று. நாளைக்கு நீலச் சேலை. சான்றிதழ், நகல், போட்டோ 2.

ஜூன் 19, வியாழன்
அவரே லீவு போட்டுக் கூட்டிப் போனார். முகம் உர்ரென்று. போகட்டும். நான் 8.20 பஸ்.

எத்தனை மனப்பாடம்! தடுப்பூசி எந்த மாதம், சத்துமாவு எவ்வளவு, அழுகிற பிள்ளையை எப்படிச் சமாளிப்பது. நேர்காணல் எடுத்த மேடம் அதில் ஒன்றும் கேட்கவில்லை. சான்றிதழைப் புரட்டிக்கொண்டே, "இப்ப என்னம்மா பண்றீங்க?"

"சும்மாதான் மேடம். வீட்டுல ஃப்ரீயாத்தான் இருக்கேன்."

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. என் வாய்தான்.

மேடம் தலையாட்டி, அதை எழுதிக்கொண்டார்.