வேப்பிலை கசந்தது, அக்கா

என் செல்ல மல்லிகா அக்காவுக்கு,

நான் இப்போது பட்டணத்தில் நர்ஸ் படிப்பு படிக்கிறேன். ஆரணிப் பக்கத்துப் பையன்களெல்லாம் கும்மிடிப்பூண்டிக் கம்பெனிகளுக்குப் போகிறார்கள், அவர்களை ஏற்ற நம் ஊருக்கே பஸ் வருகிறது. உன்னைப் பாம்பு கடித்த அன்றைக்கு பஸ் இருந்திருந்தாலும் உன்னை யார் ஏற்றியிருப்பார்கள்? அதுதான் வேப்பிலை கசந்துவிட்டதே.

அன்று காலையில் மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கும்போது கட்டுவிரியன் உன் விரலைக் கடித்தது. வலியில்லை, வீக்கமில்லை. ஊர் வழக்கப்படி பெரியப்பா வேப்பிலை மெல்லக் கொடுத்தார். இனித்தால் விஷம் ஏறிவிட்டது, கசந்தால் பயமில்லை. "கசக்குது பெரீப்பா" என்று நீ முகம் சுளித்தாய். எல்லோருக்கும் போன உயிர் வந்தது.

மத்தியானம் உனக்குக் கண் சொருகியது. தூங்கட்டும் என்று விட்டுவிட்டோம். சாயங்காலம் அம்மா வந்து திட்டினாள்: "வெளக்கு வெக்கிற நேரத்துல இன்னாடி தூக்கம்? வெக்கமா இல்ல?" நீ அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் மூச்சும் நின்றுவிட்டது.

போன வாரம் நரம்பைப் பற்றிப் பாடம் நடந்தது. நரம்பு தசையைத் தொடுவதே இல்லையாம், நடுவே கண்ணுக்குத் தெரியாத ஓர் இடைவெளி. நரம்பின் நுனியில் இருக்கும் நுண்ணிய பைகள் திறந்து ஒரு ரசாயனத்தைக் கொட்டினால்தான் தசை அசையும். கட்டுவிரியன் விஷம் அந்த நுனியைத்தான் பாழாக்குகிறது. பிறகு இமை திறக்காது, நாக்கு புரளாது, கடைசியில் நெஞ்சும் ஏறி இறங்காது. ஆனால் ருசி அறியும் நரம்புக்கு ஒன்றும் ஆகாது. பாழாய்ப்போன இலைக்கு என்ன தெரியும்?

காது கேட்குமா என்று டீச்சரிடம் கேட்டேன். மூச்சு இருக்கும்வரை கேட்கும், நினைவும் இருக்கும் என்றார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வெளியே வந்து அழுதேன்.

அம்மா திட்டியது உனக்குக் கேட்டதா அக்கா? கண்ணைத் திறக்க எவ்வளவு பாடுபட்டாய்?

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். அரிசி புடைத்துக்கொண்டே அம்மா கேட்டாள்: "நீதான் படிச்சிக்கினு கீறியே, சொல்லு. அக்கா தூக்கத்துலயேதானே போச்சு? அதுக்கு ஒண்ணும் தெரிஞ்சிருக்காதில்ல?"

"தெரிஞ்சிருக்காதும்மா" என்றேன்.

நீயும் அப்படியே சொல்லியிருப்பாய்தானே?

இனி நம் ஊரில் யாரைப் பாம்பு கடித்தாலும் இலையைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு ஓடுவேன். அவர் கண் மூடிக் கிடந்தாலும் காதோரம் உட்கார்ந்து நல்ல வார்த்தையாகப் பேசிக்கொண்டே போவேன். இது உன்மேல் சத்தியம்.

உன் கூடப் பிறந்தவள்,
கோமதி