படத்தின் முதுகில் ஒரு சிவப்பு அம்பு

ஏனுங்க, இன்று காலையில் சமையலறைக் கதவைச் சாத்திப் பார்த்தால், அதன் பின்னால் இன்னொரு சிவப்பு அம்பு. கீழ்க் கீலைக் காட்டிக்கொண்டு நிற்கிறது. ஆட்டிப் பார்த்தேன். ஆமாம், ஓர் ஆணி இல்லை. நீங்கள் போய்ச் சேர்ந்த பிறகும் இந்த வீட்டைச் செக்கிங் செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள்.

நாளைக்கு வீட்டைக் காலி செய்கிறோம். அவிநாசி ரோட்டுப் பக்கம் மகன் வாங்கியிருக்கும் அடுக்குமாடி வீட்டில் நம் சாமானில் பாதிகூடக் கொள்ளாது. மருமகள் ஒவ்வொன்றாய்த் தூக்கிக் காட்டுகிறாள். "அத்தை, இது வேணுங்களா, வேண்டாங்களா?" நல்ல பிள்ளைதான். ஆனாலும் அவள் கட்டிவைக்கும் மூட்டைகளை, அவள் குளிக்கப் போகும் நேரம் பார்த்து அவிழ்த்துப் பார்க்கிறேன். எதைக் கழிக்கிறாள், எதைத் தனக்கென்று ஒதுக்குகிறாள் என்று ஒரு கண். பழைய சாமான்காரரின் தராசு மேலும் ஒரு கண். எல்லாம் உங்களோடு குடித்தனம் செய்த பாக்கியம்.

பனியன் கம்பெனியில் காலமெல்லாம் டியூப் லைட்டுக்குக் கீழே துணியைப் பிடித்து, ஓட்டை எங்கே, எண்ணெய்க் கறை எங்கே என்று தேடிய கண் உங்களுடையது. குறை கண்ட இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது வேலை. மீந்த ஸ்டிக்கரைச் சட்டைப் பையில் கொண்டுவந்து வீட்டிலும் ஆரம்பித்துவிட்டீர்கள். ஷாக் அடிக்கிற சுவிட்சில் ஒன்று, கால் ஆடுகிற நாற்காலியில் ஒன்று, ஒழுகுகிற சொம்பில் ஒன்று. தினமும் பாலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பீர்கள். பால்காரர் ஒருநாள், "ஏனுங்க, இதுக்கும் ஸ்டிக்கர் ஒட்டப் போறீங்களா?" என்றே கேட்டுவிட்டார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். நீங்கள் சிரிக்கவில்லை.

ஒருநாள் கம்பெனியிலிருந்து வந்தவர் சாப்பாட்டில் கை வைக்காமல் கத்தினீர்கள். புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி, உள்பக்கம் திருப்பிப் போட்டிருந்த பனியனைப் பார்த்து 'வலது கையில் ஓட்டை' என்று சொல்லிவிட்டாளாம். டெய்லர் பனியனை நேராகத் திருப்பி, நன்றாக இருந்த கையைப் பிரித்துப் போட்டுவிட்டாராம். "திருப்புனா வலது எடதாயிரும்னு தெரிய வேண்டாமா, ஏ புள்ள?" என்று என்னைக் கேட்டீர்கள், நானென்னவோ பிரித்துவிட்ட மாதிரி. "சரிபண்ணுனதுக்கு அப்புறந்தான் ஸ்டிக்கரைப் பிரிக்கோணும். ஸ்டிக்கர் இருந்தா அது இன்னும் சரியாகாத பீசு." இதையும் அன்றைக்குத்தான் சொன்னீர்கள். எனக்கு எதற்கு இதெல்லாம் என்று ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போனேன்.

துணியோடு நிறுத்தியிருக்கக் கூடாதா நீங்கள்? உங்கள் அம்மா எனக்குப் போட்ட ஜிமிக்கியில் ஒன்று காணாமல் போனபோது, என் தம்பி பொங்கலூரிலிருந்து தேங்காய் மூட்டையோடு வந்திருந்தான். உங்களுக்கு எதிரே இலை போட்டு உட்காரவைத்திருந்தேன். அவன் சோற்றில் கை வைத்திருக்கும்போது என்னைப் பார்த்துக் கேட்டீர்கள்: "போன வாரம் உன்ற தம்பி ஊட்டுக்குப் போனயே, அங்க குடுத்துட்டு வந்துட்டயா?"

"இல்லீங்க, சத்தியமா இல்லீங்க" என்றேன். தம்பி பாதிச் சாப்பாட்டில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு போனான். அதற்குப் பிறகு அவன் இந்த வீட்டு வாசலை மிதித்தது உங்கள் காரியத்துக்குத்தான்.

ஜிமிக்கி எங்கே இருந்தது? அடுப்படியில் துடைப்பதற்கென்று நீங்களே கொண்டுவந்து போட்ட பனியன் வேஸ்ட் மூட்டையில். ஒரு கிழிசலை உருவினேன், பின்னலில் கொக்கி மாட்டிக்கொண்டு அதுவும் வந்தது. துணியோடு உங்கள் முன்னால் நீட்டினேன். வாங்கிப் பார்த்தீர்கள். மெதுவாக நூலை விலக்கி எடுத்துக் கழுவித் தந்தீர்கள். தம்பியிடம் போய்ச் சொல்லுங்கள் என்று எத்தனை முறை அழுதிருப்பேன். "பாக்கலாம்" என்பீர்கள்.

ஜிமிக்கி கிடைத்த மறுநாள் நீங்கள் ஸ்டூல் மேல் ஏறி நம் கல்யாணப் படத்தைக் கழற்றிக் கையில் வைத்திருந்தீர்கள். என்னைக் கண்டதும் அவசரமாகத் திரும்ப மாட்டிவிட்டு, "பின்னால பல்லி முட்டை வெச்சிருக்குது. தொட்டுராத" என்றீர்கள். எனக்கு அப்போதே சந்தேகம்தான். ஆனால் பல்லியென்றால் எனக்கு ஆகாது என்று உங்களுக்குத் தெரியுமே.

முந்தாநாள் அதை மருமகள் கழற்றினாள். பல்லியுமில்லை, முட்டையுமில்லை. பின் அட்டையின் வலது பாதியில், முகம் இருக்கிற உயரத்தில் ஒரு சிவப்பு அம்பு. படத்தில் வலது பக்கம் நிற்பவள் நான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப் பாவி மனுசா! ஓட்டைச் சொம்போடும் ஆடுகிற நாற்காலியோடும் என்னையும் சேர்த்தா எண்ணிக்கொண்டிருந்தீர்கள்?

"பாத்தயா, உன்ற மாமன் செஞ்ச வேலைய? நாந்தேன் ரிஜெக்ட் பீசாம்!"

"மாமா அப்படியெல்லாம் நெனப்பாருங்களா, அத்தை?" என்று அவள் தயங்கினாள். நான் கேட்கவில்லை. படத்தைக் கழிக்கிற மூட்டையில் சொருகிவிட்டு வெளியே வந்து உட்கார்ந்தேன். பழைய சாமான்காரர் மூட்டையைத் தூக்கித் தராசில் வைத்தார்.

வைத்தவர் படத்தை உருவி, கண்ணாடி விரிசலோ என்று முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அவர் கையில் அது திரும்பியபோதுதான் அந்தப் பனியன் கை எனக்கு நினைவு வந்தது. திருப்பினால் வலது இடதாகிவிடும். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். ஒரு விரலை அம்பின் மேல் வைத்து, கட்டைவிரலை முன்பக்கக் கண்ணாடியில் அழுத்தினேன். விரல் உங்கள் முகத்தில் நின்றது. மற்றவர்கள் தவறலாம், நீங்கள் பக்கம் மாற்றி ஒட்டுகிற ஆளா?

படத்தை நெஞ்சோடு கட்டிக்கொண்டு அழுதேனுங்க. கோபமும் இருந்தது. வாயைத் திறந்து சொல்லியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

நேற்று அதைத் துணியில் சுற்றிக்கொண்டு பொங்கலூர் போய், ஜிமிக்கி கிடைத்த மறுநாள் நீங்கள் ஸ்டூல் ஏறிய கதையைச் சொன்னேன். தம்பி பின்பக்கத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "ஏனக்கா, நீயே ஒட்டிக் கொண்டாந்துட்டயா?" உங்களோடு பழகிய தோஷம் அவனையும் விடவில்லை.

"போடா, எனக்கென்ன கிறுக்கா?"

அம்பின் ஓரமெல்லாம் பழுப்பேறி, மேலே ஒட்டடை படிந்திருந்தது. அதை ஊதிவிட்டு, நான் செய்தது போலவே முன்னும் பின்னும் விரல் வைத்துப் பார்த்தான். வெகுநேரம் விரலை எடுக்கவில்லை. "மச்சான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் ஓடியாந்திருப்பனே, அக்கா" என்றான். பிறகு நகத்தால் சுரண்டிச் சுரண்டி அந்த அம்பை அவனே உரித்தான்.

நாளைக்குச் சாமான்களெல்லாம் வண்டியில் போகும். படத்தை மட்டும் நான் மடியில் வைத்துக் கொண்டுபோகிறேன். பால் காய்ச்சத் தம்பி வருகிறானாம். வருவானோ மாட்டானோ என்று எனக்குச் சந்தேகமாகவே இருந்தது, சற்று முன்னால் அவனே போன் செய்து, "எத்தன மணிக்குக்கா?" என்று கேட்டான். போனதும் முதல் வேலையாக உங்களைச் சுவரில் மாட்டி, எதிரிலேயே அவனுக்கு இலை போடப்போகிறேன். அன்றைக்குப் பாதியில் எழுந்தவன், உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே வயிறாரச் சாப்பிடட்டும்.