பின்சீற்றுக் காப்புறுதி

சிவமயம்

கண்டாவளை,
18.1.1962

அன்புள்ள மருமகன் பாலனுக்கு மாமா வீரகத்தி எழுதுவிப்பது. எல்லோரும் சுகம் என்று தொடங்கினால் முதல் வரியே பொய்யாகிவிடும்.

மகள் கமலாசனி ஊன்றுகோலோடு கிணற்றடி வரை போகிறாள். ஆசுப்பத்திரியில் வெட்டியெடுத்த கால் மழைக்குக் குத்துகிறதாம். நெல் கதிர் தள்ளப்போகும் குடலைப் பருவம். எருமை வயலில் இறங்கி ஒரு மூலையைத் தின்றுவிட்டது.

இதை எழுதுவது புடைவை வியாபாரி சரீப். ஆனியில் எருமை குறுக்கே பாய, மோட்டார் சைக்கிளை நீர் வெட்டித் திருப்ப, பின்சீற்றில் இருந்த கமலாசனி கால் நசுங்கி விழுந்தாள்; மோதியது இவரைத்தான். தோளெலும்பு பொருந்திவிட்டது. காப்புறுதிக் கம்பனி இவருக்கு இழப்பீடும் கொடுத்துவிட்டது. "உண்மை சொல்லுறதெண்டா எழுதுறன் அப்பு, இல்லையெண்டா வேறை ஆளைப் பாருங்கோ" என்றுதான் பேனையைத் திறந்தார்.

மார்கழியில் கம்பனிக்காரர் வீட்டுக்கு வந்தார். றோட்டால் போகிறவருக்கு அடிபட்டால் கொடுப்பதுதான் கட்டாயக் காப்புறுதி, பின்சீற்றில் இருப்பவருக்கு விரும்பினால் மேலதிகமாகக் கட்டலாம், நீங்கள் கட்டவில்லை, மகளின் காலுக்கு ஒன்றும் கிடையாது என்றார். அவர் வாசற்படலை தாண்டுமுன்பே மண்வெட்டிப் பிடியால் உம்மை அடித்தேன். காது கிழிந்தது. என் மூத்தவன் செல்வநாயகம் உம்மை முற்றத்தில் அமத்திப் பிடிக்க, இரண்டாம் அடியில் கையெலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. "கட்டினவளுக்கு ஒரு காப்புறுதிக் கடதாசி போட மனம் வராத நாயே" என்று கத்தினேன். கமலாசனி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கோடரியால் மோட்டார் சைக்கிளைப் பிளந்தேன். நீர் இரத்தத்தோடு நடந்து போனீர்.

எனக்கு எழுத்துத் தெரியாது. கேட்டது மறக்காது. சீதன வண்டி, என் பேரில் எடுத்தது. வவுனியாவில் காப்புறுதி ஏஜென்ட் கேட்டபோது, "மாமா, பின்னுக்கு இருக்கிறவைக்கும் போடுவம்" என்றவர் நீர். "தாலி கட்டி எட்டு நாள் ஆகேல்லை, என்ரை பிள்ளை விழுவாளெண்டு கடதாசி எழுதுறதோ? அபசகுனமாய்க் கதையாதையும்" என்று சீறியவன் நான். பின்சீற்றுக்கு வேண்டாம் என்று பெருவிரல் வைத்ததும் நான்.

உம்மை அடிக்கும்போதும் இது நினைவிருந்தது. அதனால்தான் அவ்வளவு பலமாக அடித்தேன். வாய் திறந்து அவளுக்குச் சொல்லிவிடுவீரோ என்று பயம். நீர் சொல்லவில்லை.

நேற்று நானே சொன்னேன். ஊன்றுகோலால் என் நெற்றியில் அடித்தாள். நெற்றி பிளந்து மூன்று தையல். செல்வநாயகம் ஓடிவந்து தடுத்தான், விடடா என்றேன். இன்னும் இரண்டு அடித்தாள். பிறகு இருந்து மூச்சு வாங்கிக்கொண்டு ஒன்றுதான் கேட்டாள்: "அவரின்ரை கை பொருந்திட்டுதோ?"

அதை நீரே வந்து அவளுக்குச் சொல்லும். பொலிசோடு வந்தாலும் சரி, படலை திறந்திருக்கும். உம் கையும் உடம்பும் சுகப்பட வற்றாப்பளை அம்மன் துணை.

கீழே என் பெருவிரல் அடையாளம். ஏஜென்டின் கடதாசியில் வைத்த அதே விரல்.