நீலப் பெட்டிக்குப் புது ராணி

அன்புள்ள குட்டிம்மாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம், நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அப்பாவுக்கு இருமல் குறைந்துவிட்டது, வாய் மட்டும் குறையவில்லை. இதை நிதானமாக உட்கார்ந்து படி, ஏனென்றால் முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும், அப்புறம் கொஞ்சம் பீற்றிக்கொள்ள வேண்டும். நீ விட்டுப்போன இரண்டு தேன்பெட்டிகளில் நீலப் பெட்டியின் ராணி செத்து ஒன்றரை மாதம் ஆகிறது. கொன்றது நான்தான். போனில் நீ கேட்டபோதெல்லாம் "ரெண்டும் நல்லா இருக்கு" என்று வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

முப்பத்திரண்டு வருடம் வார்டில் நர்ஸாக இருந்தவளுக்குப் பழக்கம் எப்படிப் போகும்? பத்து நாளைக்கு ஒரு தடவை திறந்தால் போதும் என்று நீ சுவரில் எழுதி ஒட்டியிருந்தாய். நான் ரவுண்ட்ஸ் போவதுபோல் தினமும் காலை ஏழு மணிக்குத் திறந்து, தேனடை கட்டிய மரச் சட்டங்களை ஒவ்வொன்றாக வெளியே தூக்கிப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தேன். அப்பா, "அதுங்களுக்கு என்ன காய்ச்சலா, எதுக்கு இப்படிப் படுத்துறே?" என்று தலையில் அடித்துக்கொண்டார், நான் கேட்டால்தானே. ஒரு நாள் அவசரத்தில் சட்டங்களை நெருக்கி இறக்கியபோது நடுவில் ராணி நசுங்கியிருக்கிறாள், எனக்குத் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து அடையின் ஓரத்தில் வேர்க்கடலை மாதிரி நாலைந்து கட்டி தொங்கியது. ஏதோ நோய் என்று நினைத்து, பிளேடை வெந்நீரில் கழுவி, எல்லாவற்றையும் சுத்தமாக அறுத்துப் போட்டேன். பெட்டி செய்து கொடுத்த தச்சர் வந்து பார்த்துவிட்டு, "அது கட்டி இல்லம்மா, அதுங்க புது ராணியை வளர்த்த அறை. இன்னொரு ராணி வளர்க்க இப்போ முட்டையும் இல்ல, சின்னப் புழுவும் இல்ல, இப்படியே விட்டா மொத்தமும் போயிடும்" என்றார். எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. நீயே மரத்தில் ஏறிப் பிடித்து வந்து குடிவைத்த கூட்டம் அது.

அவர் சொன்னபடி, வெள்ளைப் பெட்டியிலிருந்து முட்டை இருந்த ஒரு சட்டத்தை எடுத்து, ராணி ஒட்டிக்கொண்டு வரவில்லை என்று இரண்டு பக்கமும் பார்த்து, தேனீக்களை மெல்ல உதறிவிட்டு நீலப் பெட்டியின் நடுவில் வைத்தேன். அவை ஒரு ராணியை வளர்க்க வேண்டும், அவள் வெளியே பறந்துபோய் ஜோடி சேர்ந்து திரும்பி வந்து முட்டையிட வேண்டும், அதுவரை நாலு வாரம் மூடியில் கைவைக்கக் கூடாது என்று உத்தரவு. இவ்வளவு கஷ்டமான டியூட்டி நான் பார்த்ததே இல்லை. அப்பா, பெட்டி திறக்குமுன் தேனீக்களுக்குப் புகை காட்டும் புகைப்பானை ஒளித்துவைத்துவிட்டு, பெட்டி பக்கத்தில் நாற்காலி போட்டு எனக்குக் காவல் இருந்தார்.

நேற்றுக் காலை திறந்தேன். வெயில் முதுகுக்குப் பின்னால் விழும்படி நின்று சட்டத்தைச் சாய்த்துப் பார்த்தேன். ராணி இல்லாமல் வேலைக்காரத் தேனீக்களே முட்டை போட்டிருந்தால் ஒரு அறையில் நாலைந்து தாறுமாறாகக் கிடக்கும், அத்தோடு கூட்டத்தின் கதை முடிந்தது. ஆனால் அறைக்கு ஒரு முட்டைதான் இருந்தது குட்டிம்மா! அடியில், நட்டநடுவில், வெள்ளை நூல் துண்டு மாதிரி, வரிசை வரிசையாக! நான் போட்ட கூச்சலில் தச்சர் கையில் உளியோடு ஓடிவந்தார். அப்பா என் முகவலையைத் தூக்கி, கண்ணைத் துடைத்துவிட்டு, "ஜெயிச்சுட்டே போ" என்றார். ஆமாம், ஜெயித்துவிட்டேன். உன் கூட்டம் பிழைத்துவிட்டது.

இன்னொன்றும் முடிவு செய்திருக்கிறேன். தினமும் மூன்று வேளை போன் போட்டு, என்ன சாப்பிட்டாய், ஏன் குரல் கம்மியிருக்கிறது, யாரோடு வெளியே போனாய் என்று உன்னையும் குடைந்துகொண்டுதான் இருக்கிறேன். இனி ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிடுவேன். எடுத்த காரியமெல்லாம் உனக்குக் கைகூடட்டும், நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, நீயாகக் கூப்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

முத்தங்களுடன்,
உன் அம்மா