லேடீஸ் ஓடின பைக்

கொட்டாஞ்சேனை,
ஞாயிற்றுக்கிழமை.

டெனிஷாவின் அப்பாவுக்கு, உங்கள் மனைவி யோசெப்பின் ஆசையோடு எழுதுவது.

நானும் பிள்ளையும் சுகம். அந்தோனியார் புண்ணியத்தில் நீங்களும் அங்கே சுகமாக இருக்கவேண்டும்.

தினமும் வாட்ஸ்அப்பில் முகம் பார்க்கிறோமே, பிறகு எதற்குக் கடிதம் என்று யோசிப்பீர்கள். ஃபோனில் நான் "பைக்" என்று வாயெடுத்தாலே நீங்கள் "வேண்டாம்" என்கிறீர்கள். "கொஞ்சம் கேளுங்கோவன்" என்று நான் சொல்வதற்குள் உங்கள் சாப்பாட்டு நேரம் முடிந்துவிடுகிறது. கடிதத்தில் நீங்கள் குறுக்கே கதைக்க முடியாது. ஆகவே கடைசி வரை வாசித்துவிட்டு ஏசுங்கள். பக்கத்து வீட்டு மக்கீன் நாநாவின் மருமகன் அகீல் வியாழக்கிழமை டோஹாவுக்குத் திரும்பி வருகிறார். அவர் கையில் இதையும் ஒரு பார்சலையும் கொடுத்துவிடுகிறேன். பார்சலில் மிளகாய்த்தூளோடு இன்னொரு சாமானும் இருக்கிறது. அது என்ன என்று கடிதத்தை முடித்த பிறகு பாருங்கள்.

சரி, இனி அடக்கி வைக்க என்னால் முடியாது. பைக் வாங்கிவிட்டேன்!

ஐயோ, கையிலிருக்கும் தேத்தண்ணியைக் கீழே வையுங்கள். லைசன்ஸ் இல்லாமல் எப்படி என்றுதானே கேட்கப்போகிறீர்கள்? இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் கொச்சிக்கடைக் கோவிலுக்குப் போகிறேன் என்று சொன்னேனே, போனதும் உண்மை. கோவிலிலிருந்து நேரே லேர்னர்ஸுக்குப் போய் கியர் பைக் பழகியதும் உண்மை. முதல் தடவை எட்டுப் போடும்போது காலை ஊன்றிவிட்டேன், ஃபெயில். இரண்டாம் தடவை பாஸ். அட்டையில் இருக்கும் படத்தில் நான் பேய் மாதிரி இருக்கிறேன், அதை மட்டும் உங்களுக்குக் காட்டமாட்டேன்.

காசு என் சீட்டுக் காசு. இந்த மாதம் எனக்கு விழுந்தது. நீங்கள் அனுப்பியதில் ஒரு சதமும் தொடவில்லை. மூன்று லட்சம், அதற்கு மேல் என்னிடம் இல்லை. இந்தக் காலத்தில் அதற்கு ஸ்கூட்டி தேடினால் ஸ்கூட்டியின் கண்ணாடிதான் கிடைக்கும். கியர் பைக் என்றால் கொஞ்சம் பழசாகப் பார்த்து எடுக்கலாம் என்று மக்கீன் நாநா சொன்னார்.

ஏன் இவ்வளவு அவசரம் என்றால், வெள்ளவத்தையில் சாறிக்கடை வைத்திருக்கும் அனுஷியா அக்கா போன மாதம் என்னைக் கூப்பிட்டுக் கதைத்தார். கடையில் சாறி எடுப்பவர்களின் பிளவுஸ் வேலை முழுவதையும் எனக்கே தரலாமாம். ஆனால் ஒவ்வொரு நாளும் வந்து துணியை எடுக்கவேண்டும், தைத்ததைக் கொண்டுவந்து கொடுக்கவேண்டும், யாருக்காவது அளவு சரியில்லை என்றால் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பார்க்கவேண்டும். த்ரீவீலில் போனால் கூலி அத்தனையும் அதற்கே சரி. பஸ்ஸில் போனால் அரைநாள் காலி வீதி நெரிசலில்தான் நிற்கவேண்டும்.

கம்பனி இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துக் கேட்கிறது, மாத முடிவுக்குள் பதில் சொல்லவேண்டும் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து எனக்கு ஒழுங்கான நித்திரை இல்லை. ஊருக்கு வந்துவிட்டால் வீட்டுச் செலவுக்கு என்ன வழி என்று கேட்டீர்கள். அன்றைக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. இப்போது பதில் வாசலில் நிற்கிறது. கறுப்பு நிறம், நூறு சிசி.

அதைக் கண்டுபிடித்த கதையைக் கேளுங்கள். இணையத்தில் பழைய பைக் விளம்பரங்களைப் பார்த்தால் பத்தில் ஏழு "லேடீஸ் ஓடினது" என்றுதான் இருக்கும். அப்படிப் போட்டால் விலையும் கொஞ்சம் கூட. இந்தக் கொழும்பில் இத்தனை பெண்கள் பைக் ஓடினார்கள் என்றால் றோட்டில் ஏன் ஒருவரையும் காணோம்?

முதலில் பொரளைக்குப் போனோம். மக்கீன் நாநா தன் த்ரீவீலில் கூட்டிப்போனார். விற்கிற ஆள் என்னை ஒரு தரம்கூடப் பார்க்கவில்லை. "அய்யே, இது லேடீஸ் ஓடின பைக், எஞ்சினுக்குக் கைவைக்கவே இல்லை" என்று சிங்கள முறையில் நாநாவை அண்ணனாக்கி, அவரிடமே சொல்லிக்கொண்டிருந்தார். நான் மைலேஜ் எவ்வளவு என்று கேட்டால் பதில் நாநாவுக்குப் போகிறது. நான் பைக்கின் பதிவுப் புத்தகத்தைக் கேட்டால் புத்தகமும் நாநாவின் கைக்குப் போகிறது. நாநாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "வாங்குறது தங்கச்சி. எனக்கிட்ட என்னத்துக்குச் செல்றீங்க? நான் ஹயருக்கு வந்தவன்" என்றார். அதற்குப் பிறகும் அந்த மனுஷன் என்னைப் பார்த்து என்ன கேட்டார் தெரியுமா? "மிஸ், உங்கட ஹஸ்பண்ட் வரல்லையா?" லேடீஸ் ஓடினது என்றால் விலை கூடுகிறது, லேடீஸ் வாங்க வந்தால் மட்டும் ஆளையே தெரியவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் பைக்கின் சீட்டைத் தடவிப் பார்த்தேன்.

சீட் கவர் புதுசு. தையல் எட்டி எட்டி விழுந்திருக்கிறது, அவசரத்தில் ஓட்டிய தையல். மீற்றர்படி கொஞ்சமே ஓடின பைக்குக்கு எதற்குப் புதுக் கவர்? ஓரத்தைக் கொஞ்சம் தூக்கினேன். அடியில் பழைய கவர் கிழிந்து ஸ்பொஞ்ச் வெளியே வந்து கிடக்கிறது. மீற்றரில் காட்டிய கணக்குக்கும் அந்தச் சீட்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. நான் நாநாவைப் பார்த்தேன். நாநா த்ரீவீலை ஸ்டார்ட் பண்ணினார்.

அடுத்தது முகத்துவாரத்தில். சிவப்பு நிறம், பார்த்தவுடன் மனம் போய்விட்டது. டெனிஷாவும் கூட வந்திருந்தாள், அவள் அதைக் கட்டிப்பிடிக்காத குறை. ஆனால் விற்கிறவரின் பெயர் புத்தகத்தில் இல்லை. முதல் சொந்தக்காரர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வெற்றுப் படிவத்தை வைத்துக்கொண்டு மூன்று பேர் கைமாற்றியிருக்கிறார்கள். "கலர்ல மயங்காதீங்க தங்கச்சி, நாளைக்கி பொலிஸ் மறிச்சா அந்த முதலாவது ஆள எங்க போய்த் தேடுற?" என்று நாநா சொன்னார். வந்துவிட்டோம். பிள்ளை வழி முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தாள். எனக்கும் அழுகை வராத குறைதான். மாத முடிவு நெருங்குகிறது, சீட்டுக் காசு பையில் கிடந்து என்னைப் பார்த்துச் சிரிக்கிறது.

அப்போதுதான் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது. இது வேறு மாதிரி. "முன் மட்காட்டில் வெடிப்பு உண்டு. ஹோர்ன் சிலவேளை வேலை செய்யாது. மற்றதெல்லாம் வந்து பார்க்கவும்." அவ்வளவுதான். தன் பைக்கைத் தானே குறை சொல்கிற மனுஷன் யார் என்று நேற்றுக் காலை வெள்ளவத்தைக்குப் போனோம். கதவைத் திறந்தது மனுஷன் இல்லை. ஜீவராணி அக்கா, தனியாக இருக்கிறவர், பொரளையில் ஆஸ்பத்திரித் தாதியாக இருந்து போன வருடம்தான் பென்ஷன் எடுத்தவர். வருட முடிவில் அவுஸ்திரேலியாவுக்குத் தங்கையிடம் போகிறார். நைட் டியூட்டி, பகல் டியூட்டி எல்லாம் இந்தப் பைக்கில்தான்.

அவர் நாநாவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்து "ஆர் ஓடப் போறது?" என்று கேட்டார். நான்தான் என்றேன். உடனே பைக்கின் திறப்பை என் கையில் வைத்து, "அப்ப ஓடிக் காட்டும்" என்றார். இத்தனை இடம் போயும் என்னை ஓடச் சொன்ன முதல் ஆள் அவர்தான். சந்தோஷத்தில் கிளச்சைப் படக்கென்று விட்டுவிட்டேன். பைக் ஒரு துள்ளுத் துள்ளி நின்றுவிட்டது. அக்கா அசையவில்லை. "நான் முதல் நாள் மதிலிலை கொண்டுபோய் முட்டினனான். அதுதான் மட்காட்டிலை வெடிப்பு. திருப்பி ஸ்டார்ட் அடியும்" என்றார். திருப்பி அடித்தேன். அவர் வீட்டு ஒழுங்கையின் முனை வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், தண்ணீரில் போவது போலப் போனது.

லேடீஸ் ஓடினது என்று ஏன் விளம்பரத்தில் போடவில்லை, இன்னும் கூட விலைக்குப் போயிருக்குமே என்று அவரிடம் கேட்டேன். "அப்பிடிப் போட்டால் மெதுவா ஓடினதெண்டு சனம் நினைக்கும். நான் எங்கை மெதுவா ஓடினனான்?" என்றார். நாநா சுவரில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

புத்தகம் அவர் பெயரில்தான். எஞ்சின் இலக்கம், செசி இலக்கம் இரண்டையும் நாநா குனிந்து பார்த்துச் சரி என்றார். அக்கா கேட்டது என்னிடம் இருந்ததைவிடப் பதினைந்தாயிரம் கூட. என்னிடம் இருப்பதை அப்படியே சொன்னேன். என்ன வேலை செய்கிறீர் என்று கேட்டார். சாறி பிளவுஸ் தைக்கிறேன் என்றதும், அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோக நாலு பிளவுஸ் தைத்துத் தந்தால் அந்தக் காசு வேண்டாம் என்றார். என் பையில் டேப் எப்போதும் இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும்தானே. அங்கேயே அளவெடுத்துவிட்டேன்.

பிறகு அக்காவிடம் இரவல் வாங்கிய ஹெல்மெட்டோடு நானே ஓடி வந்தேன், வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனை வரைக்கும்! பின்னால் த்ரீவீலில் நாநா காவல். காலிமுகத் திடலில் கடல் காற்று முகத்தில் அடித்தபோது சத்தம் போட்டுச் சிரித்தேன், பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் பைத்தியம் என்று நினைத்திருப்பார்கள். சைக்கிளில் வந்த காற்சட்டைப் பையன்கூட என்னை முந்தினான், நான் அவசரப்படவில்லை. பஸ்காரர்கள் பார்க்கமாட்டார்கள் என்று நீங்கள் சொல்வீர்களே, அதனால் நானே அவர்களைப் பார்த்துப் பார்த்து ஓடினேன். புறக்கோட்டையில் சனத்துக்கு நடுவே ஹோர்ன் வேலை செய்யவில்லை. "அய்யே! அய்யே!" என்று கத்திக்கொண்டே வந்தேன். கொச்சிக்கடையில் நிறுத்தினோம், ஃபாதர் தண்ணீர் தெளித்து மந்திரித்தார். ஹோர்னைத் திங்கட்கிழமை நாநா திருத்தித் தருவார்.

வீட்டுக்கு வந்து துடைக்கும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். சீட் பழைய சீட்தான், கவர் மாற்றவில்லை. முன்பாதி தேய்ந்து வெளிறிப் போயிருக்கிறது. பின்பாதி கடையிலிருந்து இன்றைக்கு எடுத்தது போலப் பளபளவென்று இருக்கிறது. இத்தனை வருடம் அந்த அக்காவுக்குப் பின்னால் யாருமே இருக்கவில்லை. அந்தப் பளபளப்பையும் துணியால் ஒரு தரம் துடைத்தேன்.

அதற்குள் டெனிஷா ஓடிவந்து அந்த இடம் தனக்குத்தான் என்றாள். பிறகு தானே யோசித்து, அப்பா வந்தால் நான் எங்கே இருப்பது என்று கேட்கிறாள். அந்தச் சண்டையை நீங்கள்தான் தீர்க்கவேண்டும்.

மாலையில், தனியாக ஒதுக்கி வைத்த காசோடு ஹெல்மெட் வாங்கப் போனோம். எனக்கு ஒன்று, பிள்ளைக்குச் சின்னதாக ஒன்று. மூன்றாவதாக ஒன்று வேண்டும் என்றேன், ஆண்கள் போடுவது. தலையின் அளவு என்ன என்று கடைக்காரர் கேட்டார். "ஆம்புளத் தல எல்லாம் ஒண்ணுதானே" என்றார் நாநா. கடைக்காரர் ஒத்துக்கொள்ளவில்லை, லூசாக இருந்தால் பிரயோசனம் இல்லையாம். உங்கள் கழுத்து அளவு தெரியும். தோள், கை நீளம், இடுப்பு எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். தலையை ஒருநாளும் அளந்ததில்லை. இத்தனை பேருக்கு அளவெடுக்கிற எனக்குப் புருஷனின் தலை அளவு தெரியவில்லை என்று நினைக்க, அந்தக் கடையிலேயே கண் கலங்கிவிட்டது.

அதனால்தான் பார்சலில் என் டேப்பை வைத்திருக்கிறேன். அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லாதீர்கள், இது என் கைப்பழக்கமான டேப், பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்து தரவேண்டும். புருவத்துக்கு மேலே வைத்து, காதுகளுக்கு மேலால் தலையைச் சுற்றிக் கொண்டுவாருங்கள். இறுக்கிப் பிடிக்கவேண்டாம். கண்ணாடி முன்னால் நின்று ஒரு தரத்துக்கு இரண்டு தரம் பாருங்கள்.

கம்பனிக் கடதாசியைக் கையில் எடுப்பதற்கு முதல் இதை அளந்து எனக்கு அனுப்புங்கள். கடைக்காரர் ஒரு ஹெல்மெட்டை மாத முடிவு வரைக்கும் எடுத்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். கறுப்புத்தான், பைக்குக்குப் பொருத்தமாக. அந்தோனியார் உங்கள் தலையைக் காக்கட்டும்.

உங்கள்,
யோசெப்பின்.