எரிக்க வைத்த பெட்டியில் லூ ஹார்பின்

அக்டோபர் 9, 1979, செவ்வாய்

முதலில் கண்ணில் பட்டது அந்தச் சுண்டுவிரல்தான்.

பின்வாசலில் இருக்கும் இசைத்தட்டுப் பெட்டிகளைக் கட்டி வைக்கச் சொல்லியிருந்தார் அப்பா. அவர் சபை மூப்பர் என்பதால் எல்லாரும் தங்கள் வீட்டில் இருக்கும், சபைக்கு ஆகாத உலகப் பாட்டுத் தட்டுகளை எங்கள் வீட்டில்தான் கொண்டுவந்து போடுகிறார்கள். இருபத்தொன்றாம் தேதி ஆராதனை முடிந்ததும் சபை மைதானத்தில் வைத்து எரிக்கப் போகிறார்கள். கயிற்றை இழுத்தபோது ஒரு தட்டு உறையோடு வெளியே சரிந்தது. படத்தில் ஒரு கை கிதாரைப் பிடித்திருந்தது. அதன் சுண்டுவிரல் வெளிப்பக்கமாக வளைந்திருந்தது. அம்மாவுக்கு அப்படித்தான் இருக்கும். சின்ன வயதில் கொட்டகைக் கதவில் நசுங்கியது.

பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். என்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவள். எங்கள் சபைப் பெண்கள் தொடக்கூடாத கால்சட்டை போட்டிருக்கிறாள். உதட்டில் சாயம். முடியைக் காதுவரை வெட்டியிருக்கிறாள். பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறாள். என் அம்மா.

மேலே பெரிய எழுத்தில் 'லூ ஹார்பின்'. கீழே, ஐம்பத்தாறு முதல் ஐம்பத்தெட்டு வரை அவள் பாடிய ராக் அண்ட் ரோல் பாட்டுகள் முழுவதும் ஒரே தட்டில் என்று போட்டிருந்தது. பின்பக்கம் ஹாலந்து தேசத்து விலாசம். அம்மாவின் பெயர் லூயெல்லா. கல்யாணத்துக்கு முன் ஹார்பின்.

அப்போது மெம்பிஸ் நகரத்தில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பரிமாறிக்கொண்டிருந்தேன் என்றுதான் அம்மா சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்கும் அவ்வளவுதான் தெரியும்.

சமையலறையில் காலடி கேட்டது. தட்டை மடித்த துணிகளுக்கு நடுவே செருகி என் அறைக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

அக்டோபர் 10

தூக்கமில்லை. தட்டு மெத்தைக்கு அடியில். பாம்பு கிடப்பதுபோல் ஓரமாகவே படுத்திருந்தேன். யார் கொண்டுவந்து போட்டிருப்பார்கள்? அவர்களுக்குத் தெரியுமா, தெரியாதா?

அக்டோபர் 12, வெள்ளி

சாப்பிடும்போது அப்பா சொன்னார்: "பாஸ்டர் ஒவ்வொண்ணா தூக்கிக் காட்டி, பேரைச் சத்தமா வாசிப்பாராம். சபை ஆமென் சொல்லணும். அப்புறந்தான் நெருப்புல போடுவாராம்."

"எல்லாத்தையுமா?" என்றாள் அம்மா.

"ஒண்ணு விடாம."

அம்மா சோள ரொட்டித் தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள். அப்பா கொட்டகைக்குப் போனதும் பின்வாசலில் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். நான் கட்டிய கயிற்றை அவிழ்த்து, பெட்டிக்குள் முழங்கைவரை விட்டுத் தேடிக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா தேடறே?"

"துணி கிளிப்பு."

கிளிப்பெல்லாம் கொடியில்தான் இருக்கிறது. அந்தத் தட்டு பெட்டிக்கு வந்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது. எடுத்து ஒளித்துவிடத் தேடுகிறாள். என்னிடம் இருக்கிறது, பயப்படாதே என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் நான் பார்த்தேன் என்றும் சொன்னதாகிவிடும்.

ஒரு தடவை எனக்குப் பேன் வந்தது. பெண்கள் முடி வெட்டுவது எங்கள் சபையில் பாவம் என்று தெரிந்தும் என் முடியை அம்மா கத்தரித்தாள். அதற்காக அந்தக் குளிர்காலம் முழுவதும் அப்பா அவளோடு பேசவில்லை. முடிக்கே அப்படி.

அக்டோபர் 14, ஞாயிறு

வேதாகமத்தில் ஆகான் திருடிய பொருளைக் கூடாரத்துக்குள் புதைத்துவைத்த கதையைத்தான் பாஸ்டர் கிம்ப்ரல் எடுத்தார். "நீ என்னத்தப் புதைச்சு வச்சிருக்கே?" என்று விரல் நீட்டினார். பாடகர் குழுவில் இரண்டாம் வரிசையில் நிற்கிற என்னையா? அப்புறம் பாட்டில் வாயை மட்டும் அசைத்தேன்.

அக்டோபர் 16

ஏன் செய்தேன் என்று தெரியவில்லை.

சட்டை ஆலையில் எனக்கு அடுத்த தையல் இயந்திரம் கிளெண்டாவுடையது. ஆலைக்குப் பின்னால் சக்கரம் வைத்த தகர வண்டிவீட்டில் தனியாக இருக்கிறாள். சபைக்கு வருவதில்லை. இசைத்தட்டு போடும் பாட்டுப் பெட்டி வைத்திருக்கிறாள். மதியம் தட்டைக் காலர்த் துணியில் சுற்றிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். உறையை மெத்தைக்கு அடியிலேயே விட்டுவிட்டேன்.

"அடியே சபைப் புள்ள, நீயா? இன்னிக்கு என் கூரை மேல இடி விழப்போகுது, தள்ளி நில்லு."

முள்ளை வைத்தாள். கிதார் சடசடவென்று ஆரம்பித்தது. அதன்மேல் ஒரு குரல். கோபமா, சிரிப்பா, தெரியவில்லை. வீட்டில் பாத்திரம் தேய்க்கும்போதுகூட மூச்சுச் சத்தம் கேட்காத என் அம்மா.

"யாருடி இவ? தொண்டைக்குள்ள ரம்பத்த வச்சுக்கிட்டு அறுக்கறா," என்றாள் கிளெண்டா. "இவள கட்டினவன் இருந்தா, கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சிருப்பான் பாவம்."

சிரித்துவிட்டேன். அப்போதுதான் கவனித்தேன், மேசைக்கு அடியில் என் கால் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. வேறு யாருடைய காலோபோல. உடனே தட்டை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

எனக்குப் பிடித்திருந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இதற்கும் நரகமா?

அக்டோபர் 18, வியாழன்

அம்மா பின்படியில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். நானும் போய் உட்கார்ந்தேன்.

"டெல்லா, பெட்டியில ஒண்ணு குறையுது."

நான் ஒரு காயை எடுத்து உரிக்க ஆரம்பித்தேன்.

"நீதான் எடுத்தியா?"

தலையாட்டினேன். "யாருக்கும் தெரியாதும்மா. சத்தியமா. நான் எங்கயாவது புதைச்சுடறேன்—"

"திரும்ப வச்சுடு."

"என்னது?"

"நான்தான் அதை அங்க போட்டேன்."

தோலை உரித்துக்கொண்டே சொன்னாள். ஆகஸ்டில் தபாலில் வந்ததாம். ஹாலந்தில் பழைய பாட்டுகளைத் தேடித் தொகுக்கிற யாரோ அனுப்பியிருக்கிறார்கள். "மாவு டப்பாவுக்குப் பின்னால வச்சிருந்தேன். உங்கப்பா பிஸ்கட் சுடச் சொல்றப்பெல்லாம் அவருக்கு முன்னால ஓடிப்போய் டப்பாவ எடுப்பேன்."

"அடுப்புல போட்டிருக்கலாமே."

"இத போடலாம். மத்தது கடையில இருக்கே, அத? கல்யாணமான நாள்லேர்ந்து யாராவது ஒருத்தர் உத்துப் பாத்தா போதும், சரி, இன்னியோட முடிஞ்சுதுன்னு நெனைப்பேன். பயந்து பயந்து அலுத்துப்போச்சு, கண்ணு. பாஸ்டர் வாயால பேரு வரட்டும். எல்லாரும் ஒரே தடவையில பாத்துக்கட்டும்."

"அப்பாகிட்ட தனியா சொல்லிடேன்."

"சொல்லப் பாக்காமலா இருந்தேன்? எத்தனை தடவை வாயைத் திறந்திருக்கேன். திறந்து, உப்பு வேணுமான்னு கேட்டுடுவேன்."

"உன்ன அனுப்பிட்டாருன்னா?"

அம்மா உரித்த தோலை மடியிலிருந்து உதறினாள். என்னைப் பார்க்காமல் கேட்டாள்: "போட்டுக் கேட்டியா?"

"ம்."

"எப்படி இருந்துச்சு?"

"ரம்பம் மாதிரி."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வளைந்த விரலோடு கையால் வாயை மூடிக்கொண்டாள்.

அக்டோபர் 20

திரும்ப வைத்துவிட்டேன். வைக்காமலே இருந்திருக்கலாமா? இனி கேட்டு என்ன பயன்? கயிறு கட்டியாகிவிட்டது.

அக்டோபர் 21, ஞாயிறு

எழுத முடியுமா பார்க்கிறேன்.

வெயில் இருக்கும்போதே பற்றவைத்தார்கள். அப்பா கையில் மண்வாரி, தீ பரவாமல் பார்த்துக்கொள்ள. பாஸ்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பெயர் வாசித்தார். ஆமென், ஆமென். தட்டுகள் எரியும் கரும்புகை தொண்டையை அடைத்தது. நான் அம்மாவின் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"லூ ஹார்பின்," என்று வாசித்தார் பாஸ்டர். உறையைத் தூக்கிக் காட்டினார். "பாருங்க இந்தக் கால்சட்டைய." ஆமென் என்றார்கள். சிலர் சிரித்தார்கள்.

அவ்வளவுதான். ஒருவருக்கும் தெரியவில்லை. கொண்டைபோட்டு நீளப் பாவாடை கட்டி அவர்கள் நடுவிலேயே நிற்கிறவளை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தப்பித்தோம், தப்பித்தோம் என்று என் நெஞ்சு அடித்துக்கொண்டது. பாஸ்டர் கையை ஓங்கினார்.

என் பிடியிலிருந்து கோட்டு நழுவியது.

"பாஸ்டர், கொஞ்சம் நில்லுங்க. அது நான்தான்."

யாருக்கும் புரியவில்லை. அம்மா இன்னும் முன்னால் போனாள். "அந்தப் படத்துல இருக்கிறது நான்தான். பாட்டும் என்னோடதுதான்."

அப்பா மண்வாரியைக் கீழே போட்டுவிட்டு வந்து பாஸ்டர் கையிலிருந்து உறையை வாங்கினார். படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அடிப்பாரோ, இங்கேயே விட்டுவிட்டுப் போய்விடுவாரோ என்று அவர் கையையே பார்த்தேன்.

"இந்தச் சிரிப்ப நான் பாத்ததே இல்லையே, லூயெல்லா," என்றார்.

பிறகு குனிந்து, தட்டை உறையோடு அவரே நெருப்பில் வைத்தார். எறியவில்லை.



அக்டோபர் 25

மூப்பர்கள் கூடினார்கள். கிறிஸ்துமஸ் முடியும்வரை அம்மாவைச் சபைத் தண்டனையாக ஒழுங்கில் வைத்திருக்கிறார்கள். கடைசிப் பெஞ்சில் தனியாக உட்கார வேண்டும். பாடக் கூடாது, எழுந்து சாட்சி சொல்லக் கூடாது, திருவிருந்தில் அப்பமும் திராட்சரசமும் கிடையாது. அவளோடு யாரும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் அவர்களுக்கும் அதே பெஞ்சுதான். இதற்குக் கை தூக்கியவர்களில் அப்பாவும் ஒருவர். அம்மாதான் சொன்னாள், ஏதோ மழை வந்தது என்பதுபோல.

ஆலைக்குப் புறப்படும் முன் தினமும் கட்டிலுக்கு அடியில் அம்மாவின் பயணப் பெட்டி இருக்கிறதா என்று பார்க்கிறேன். திரும்பி வந்ததும் மறுபடி பார்க்கிறேன்.

அக்டோபர் 28, ஞாயிறு

காலையில் அம்மா கிளம்ப நேரமாயிற்று. அப்பா வண்டியில் உட்கார்ந்திருந்தார். ஒலிப்பான் அடிக்கவில்லை, கூப்பிடவில்லை. அவள் வந்து ஏறும்வரை வண்டியை எடுக்கவும் இல்லை.

சபையில் அம்மா நேராகக் கடைசிப் பெஞ்சுக்குப் போனாள். முன்வரிசைப் பெண்கள் பிள்ளைகளை இழுத்து அணைத்துக்கொண்டார்கள். அப்பா மூப்பர் நாற்காலியில் உட்கார்ந்து தரையைப் பார்த்தார்.

பாட்டு எண் சொன்னார்கள். எல்லாரும் எழுந்தார்கள். அம்மாவும் எழுந்தாள், கைகளைக் கோத்துக்கொண்டு, உதட்டை இறுக்கிக்கொண்டு. பியானோ தொடங்கியது. சபை முழுவதும் பாடுகிறது. அவள் வாய் மூடியிருக்கிறது.

பாட்டுப் புத்தகத்தை நாற்காலியில் வைத்தேன். பாடகர் வரிசையைவிட்டு இறங்கி, எல்லார் கண்ணும் என் முதுகில் இருக்க, நடுவழியே நடந்துபோய்க் கடைசிப் பெஞ்சில் அம்மா பக்கத்தில் நின்றேன்.