மூன்றாம் அங்கத்தில் ஒரு குரல்

பாசல், சுவிஸ்
12.07.2009

அன்பின் நதீரா,

நான் சுகம். நீயும் உம்மாவும் அஸீஸா ராத்தாவும் சுகமாக இருக்க வேண்டும். கையெழுத்தைப் பார்த்ததும் யாரென்று தெரிந்திருக்கும். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் இருந்துகொண்டு என் கட்டுரைக் கொப்பியைச் சிவப்பு மையால் குளிப்பாட்டியவள் நீதானே.

2004இல் கடல் ஊருக்குள் வந்த கிழமை தொலைபேசியில் ஒருமுறை கதைத்ததோடு சரி. பிறகு உங்கள் முஸ்லிம் பக்கம், எங்கள் தமிழ்ப் பக்கம் என்று கல்முனைத் தெருவே இரண்டாகிப் போனதில் நானும் எழுதாமல் இருந்துவிட்டேன். அதை நினைக்க வெட்கமாக இருக்கிறது. மே மாதம் போர் முடிந்த பிறகு என் தனஞ்சயன் அண்ணாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. அம்மா பாண்டிருப்பில் கோயிலுக்கு நேர்ந்துகொண்டு இருக்கிறா. எனக்குச் செய்தி பார்க்கவே பயம். வேலை முடிந்து வந்தால் இணையக் கலைக்களஞ்சியத்துக்குத் தமிழில் கட்டுரை எழுதுகிறேன். அங்கே யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம். அதனால்தான் என்னையும் விட்டுவைத்திருக்கிறார்கள்.

இப்போது எழுதியிருப்பது ஓர் ஓப்பராவைப் பற்றி. ஓப்பரா என்றால் முழுக்கப் பாடியே நடிக்கிற நாடகம். நம்முடைய கூத்தைக் கோட்டுப் போட்டுக்கொண்டு போய்ப் பார்ப்பதாக நினைத்துக்கொள். போன வருடம் இங்கே மேடையேறிய புதிய ஓப்பரா அது. பெயர் ‘கடலுக்குப் பின்’. நம்முடைய சுனாமிதான் கதை. மூன்றாம் அங்கத்தில் எல்லா வாத்தியமும் நின்றுவிடும். இருட்டில் ஒரு பெண்ணின் குரல் மட்டும் வரும், தமிழில். கல்முனை அகதி முகாமில் 2005 மாசி மாதம் பதிவு செய்யப்பட்டதாம். நிகழ்ச்சிப் புத்தகத்தில் ‘அறியப்படாத ஒரு பெண்ணின் ஒப்பாரி’ என்று போட்டிருந்தது. நானும் அப்படியே எழுதினேன். அன்றைக்கு அரங்கில் நான் மட்டும்தான் அதை விளங்கி அழுதேன்.

கட்டுரையை முதற்பக்கத்தில் போட வேண்டுமென்றால் ஊரை அறிந்த ஒருவர் மதிப்பாய்வு செய்ய வேண்டும் என்கிறார்கள். உன்னை விட்டால் எனக்கு யார்? ஒலித்துண்டும் அதிலேயே இருக்கிறது. கேட்டுவிட்டு, பழையபடி சிவப்பு மையை எடு.

உன்
ரூபி (சிவரூபினி)


கல்முனைக்குடி
08.08.2009

அன்புள்ள ரூபி,

உன் கடிதத்தைக் கண்டதும் முதலில் கோபம்தான் வந்தது. இரண்டாம் பக்கம் திருப்புவதற்குள் அது போய்விட்டது. உன் அண்ணாவுக்காக நான் துஆ கேட்கிறேன். இத்தனை நாளும் உன் அம்மாவின் வாசலுக்குப் போகாமல் இருந்தது என் குற்றம். பாண்டிருப்பு என்ன, கடல் தாண்டியா இருக்கிறது?

கட்டுரையை அப்ராஸின் நெற் கஃபேயில் வாசித்தேன். இரண்டு பக்கமும் பெடியன்கள் கிரிக்கெட் பார்க்க, நடுவில் நான் ஓப்பரா படித்தேன். அப்ராஸ், “டீச்சர், இது என்ன பாடம்?” என்று கேட்டான். “எனக்கே விளங்கல்ல தம்பி” என்றேன். உனக்குத் தமிழ் மறக்கவில்லை. ஆனால் வசனம் இன்னும் புகையிரதம்போல நீள்கிறது. ‘கல்முனை என்னும் மீனவக் கிராமம்’ என்று எழுதியிருக்கிறாய். சந்தையும் பஸ் நிலையமும் இருக்கிற நகரத்தை எப்போதடி கிராமமாக்கினாய்? முகாம் கடற்கரையில் இருக்கவில்லை. உள்ளே, பள்ளிக்கூடத்தில்தான் இருந்தோம். கடற்கரையில் நிற்க அப்போது யாருக்குத் துணிவு இருந்தது?

பிறகு ஒலித்துண்டைக் கேட்டேன். ரூபி, அது ஒப்பாரி இல்லை. எங்கள் சனம் மையித்துக்கு ஒப்பாரி வைப்பதில்லை. அது கூடாது என்று உனக்குத் தெரியும். அப்படி ஒரு பெண் பாடினாள் என்று எழுதுவது அவளுக்கும் எங்களுக்கும் பெரிய வெட்கம். கட்டாயம் மாற்று. அது பிள்ளையை உறங்க வைக்கிற தாலாட்டு.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அது எங்கள் அஸீஸா ராத்தா, என் கூடப்பிறந்தவளின் குரல்.

கடல் கொண்டுபோன அவவின் புருஷன் றஸாக் மச்சானின் மையித்து கிடைத்து அடக்கியதிலிருந்து ராத்தா இத்தாவில் இருந்தா. முகாமில் அறை ஏது? வகுப்பறை மூலையில் சாரியைக் கட்டித் திரை போட்டுக் கொடுத்தோம். நான்கு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆணின் முகம் பாராமல், தன் குரல் வெளியே கேட்காமல் அந்தத் துணிக்குப் பின்னால் இருந்தா. ஒருநாள் மகள் றுஸ்னாவுக்குக் காய்ச்சல். பிள்ளை அழுகையை நிறுத்தவில்லை, வெளியே மழை. மழைச் சத்தத்தில் கேட்காது என்று நினைத்துப் பாடியிருக்கிறா. நிவாரணம் கொண்டு வந்தவர்களோடு ஒரு வெள்ளைக்காரர் ஒலிவாங்கியைத் தூக்கிக்கொண்டு திரிந்தது நினைவிருக்கிறது. மழையைப் பதிவு செய்கிறார் என்றுதான் நினைத்தோம்.

ராத்தா இரண்டு வருடத்துக்கு முன் மறுமணம் செய்து, இப்போது கைக்குழந்தையோடு இருக்கிறா. முகைதீன்பாவா மச்சான் நல்ல மனிதர், பள்ளிவாசல் காரியங்களில் முன்னுக்கு நிற்பவர். அவருக்கும் இது தெரியாது, ராத்தாவுக்கே தெரியாது. ஆகவே பெயரை எழுதாதே. ‘அறியப்படாத ஒரு பெண்’ என்பது அப்படியே இருக்கட்டும். உனக்கு மட்டும் சொன்னேன்.

அன்புடன்
நதீரா


பாசல்
02.09.2009

அன்பின் நதீரா,

நோன்பு எப்படிப் போகிறது? உன் கடிதத்தை வாசித்துவிட்டு அப்படியே சமையலறையில் இருந்துவிட்டேன். நம்முடைய அஸீஸா ராத்தாவா! நமக்குக் கொய்யாக்காய் வெட்டி, மிளகாய்த்தூள் போட்டுத் தந்த அந்தக் கையா!

நகரம், பள்ளிக்கூடம், எல்லாம் நீ சொன்னபடி திருத்திவிட்டேன். ‘ஒப்பாரி’யைத் ‘தாலாட்டு’ என்று மாற்றினேன். மறுநாளே ஒருவர் வந்து பழையபடி ‘ஒப்பாரி’ ஆக்கிவிட்டார். நிகழ்ச்சிப் புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது, நீ சொல்வதற்கு மூலம் எங்கே என்று கேட்டார். இங்கே அதுதான் சட்டம். ஒரு வசனம் எழுதினால், அதை யார் சொன்னார், எங்கே சொன்னார் என்று அடிக்குறிப்புப் போட வேண்டும். மூன்று தரம் நான் மாற்ற, மூன்று தரம் அவர் மாற்றினார்.

ராத்தாவைப் பற்றி ஒரு பொய் நிற்க விடக்கூடாது என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. கணவரை இழந்து இத்தாவில் இருந்த ஒரு தாய், திரைக்குப் பின்னால், காய்ச்சல்கார மகளுக்குப் பாடிய தாலாட்டு என்று விளக்கமாக எழுதினேன். அடிக்குறிப்பில் உன் கடிதத்தைக் காட்டினேன்: ‘பாடியவரின் தங்கையும் கல்முனைக்குடி ஆசிரியையுமான நதீரா எழுதிய கடிதம், 08.08.2009.’ அதற்குப் பிறகு அவர் மாற்றவில்லை. கட்டுரை முதற்பக்கத்துக்குத் தெரிவாகிவிட்டது!

பயப்படாதே. நீ கேட்டபடி ராத்தாவின் பெயரை எங்கேயும் எழுதவில்லை.

உன்
ரூபி


கல்முனைக்குடி
11.10.2009

ரூபி,

உன் கடிதம் பெருநாள் முடிந்துதான் என் கைக்கு வந்தது. அதற்கு முன்பே உன் கட்டுரை ஊருக்கு வந்துவிட்டது.

கம்பஸில் படிக்கிற ஒரு பெடியன் முதற்பக்கத்தில் நம்முடைய ஊர்ப் பெயரைக் கண்டிருக்கிறான். சந்தோஷத்தில் அச்செடுத்து, வாசிகசாலைப் பலகையில் குத்திவிட்டான். மேலே ‘உலக மேடையில் நமது ஊர்’ என்று கையால் எழுதியும் வைத்தான். அவனில் நான் பிழை சொல்ல மாட்டேன். பெருமைக்குச் செய்தான். கீழே, அடிக்குறிப்பில் என் பெயர் இருந்தது. எனக்கு இருப்பது ஒரே ஒரு ராத்தா என்று இந்த ஊரில் யாருக்கடி தெரியாது?

மச்சானின் புடைவைக் கடைக்கு வந்த ஒருவர் அந்தக் கடதாசியைக் கொண்டு போய்க் கொடுத்திருக்கிறார். மச்சான் அதை மடித்து எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் நாலு கதை கதைத்திருப்பேன். “அவ பாடினது அவட பிள்ளைக்கு. அதுல எனக்கு ஒண்டும் இல்ல” என்றார். “ஆனா ஊரெல்லாம் வாசிச்சுப் போட்டுக் கடைசியா எனக்குத் தெரிய வேணுமா, டீச்சர்?” இத்தனை நாளும் உறவு சொல்லி என்னை மச்சி என்று கூப்பிட்டவர், ரூபி.

ராத்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டா. “நான் அவ்வளவு சத்தமாவா பாடினன், நதீரா?”

இல்லை ராத்தா என்றேன். மழை பெய்தது என்றேன். அவ முகத்தை மூடிக்கொண்டு, “அல்லாஹ்வே, எத்தின ஆம்பிளயள் கேட்டிருப்பாங்க” என்றா. ஓப்பரா என்றால் என்ன, அங்கே எத்தனை பேர் இருப்பார்கள், ஒவ்வொரு நாளும் போடுவார்களா என்று றுஸ்னாவைக் கொண்டு என்னிடம் கேட்டு அனுப்பினா. அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. இப்போது குழந்தையை உறங்க வைக்கும்போது வாய் திறப்பதில்லை. தட்டிக்கொண்டே இருக்கிறா. அது விம்மி விம்மி, தானாக உறங்குகிறது.

உன்னை மட்டும் குற்றம் சொல்ல எனக்கு முகமில்லை. ‘ஒப்பாரி’ என்ற ஒரு சொல் பிழையாக நிற்பதைப் பார்த்துக்கொண்டு என் கை சும்மா இருந்திருக்கலாம். பிழையாகவே கிடந்திருந்தால் ராத்தா பாடிக்கொண்டு இருப்பா. வாசிகசாலையைக் கடந்து பள்ளிக்கூடம் போக வெட்கப்பட்டு, சுற்றுப் பாதையால் போகிறேன்.

அதை எடுத்துவிடு.

நதீரா


பாசல்
01.11.2009

அன்பின் நதீரா,

உன் கடிதம் கிடைத்த அன்றைக்கே எடுத்துவிட்டேன். திரை, காய்ச்சல், உன் பெயர், எல்லாம் போய்விட்டது. இப்போது ‘அறியப்படாத ஒரு பெண்’ என்றுதான் இருக்கிறது, நீ முதலில் கேட்டது போல.

ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது. கலைக்களஞ்சியத்தில் எதுவும் முழுதாக அழிவதில்லை. ‘வரலாறு’ என்று ஒரு பக்கம் இருக்கும். அதைத் திறந்தால் நான் எழுதிய ஒவ்வொரு பழைய வடிவமும் அப்படியே நிற்கும். பொறுப்பாளர்களுக்கு எழுதிக் கெஞ்சினேன். சரியான தகவலை மறைக்க விதி இல்லையாம். தகவல் தந்தவரே அது பிழை என்று எழுதித் தந்தால் மட்டும் பழைய வடிவங்களையும் மறைப்பார்களாம். உண்மையை எழுதியதற்காக என்னைப் பாராட்டவும் செய்தார்கள். அதை வாசிக்க எனக்குக் கூசியது. பெயரை எழுதவில்லை என்று உனக்குப் பெருமை அடித்தேனே, அந்த வரியைத்தான் நினைத்து நினைத்துச் சாகிறேன்.

நேற்று ஓப்பராவை மறுபடியும் போட்டார்கள். இசையமைப்பாளரைக் கண்டு, அந்தக் குரலை எடுத்துவிடச் சொல்லிக் கேட்கத்தான் போனேன். அவர் கண் கலங்கி, “அது இல்லாமல் என் படைப்பே இல்லை” என்றார். மூன்றாம் அங்கத்தில் வாத்தியங்கள் நின்றதும் நான் எழும்பி வெளியே வந்துவிட்டேன். ராத்தாவின் அனுமதி இல்லாமல் அதைக் கேட்க எனக்கு உரிமை இல்லை. முதல் தரம் கேட்டு அழுததை நினைக்கவும் இப்போது கேவலமாக இருக்கிறது.

உன்னிடம் எதையும் எழுதித் தரச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை. ஒரு வரி பதில் போடு. திட்டியாவது போடு.

ரூபி


கல்முனைக்குடி
06.12.2009

கலைக்களஞ்சியப் பொறுப்பாளர்களுக்கு,

‘கடலுக்குப் பின்’ என்னும் ஓப்பரா பற்றிய கட்டுரையில் 08.08.2009 திகதியிட்ட எனது கடிதம் மூலமாகக் காட்டப்பட்டிருந்தது. அக்கடிதத்தில் நான் எழுதியது தவறு. பதிவிலுள்ள குரல் எனது சகோதரியுடையது அன்று. ஒலித்துண்டை அவரும் கேட்டு, இதனை உறுதிப்படுத்தியுள்ளார். அக்குரலுக்குரியவர் யாரென்பதை நான் அறியேன். ஆகவே பழைய வடிவங்களை மறைத்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

மு. நதீரா
ஆசிரியை

-------

ரூபி,

கோட்டுக்கு மேலே உள்ளதை அவர்களுக்கு அனுப்பு. கீழே உள்ளது உனக்கு.

ராத்தா தானாகவே வந்து, “அதக் கேக்கணும்” என்றா. ஜும்ஆ நேரம், ஆண்கள் எல்லோரும் பள்ளிவாசலில். அப்ராஸ் கஃபேயின் கதவுத் திறப்பைத் தந்துவிட்டுப் போய்விட்டான், ஒன்றும் கேட்கவில்லை. ஹெட்போனை நான்தான் மாட்டிவிட்டேன். ராத்தா கண்ணை மூடிக்கொண்டு கேட்டா. முடிந்ததும் இன்னொரு தரம் போடச் சொன்னா. இரண்டாம் தரம் உதடு மட்டும் அசைந்தது. சொல்லுக்குச் சொல், பிந்தாமல் முந்தாமல்.

பிறகு ஹெட்போனைக் கழற்றி, முந்தானையால் துடைத்து என்னிடம் தந்தா. “இது நான் இல்ல” என்றா. “பாவம், ஆரோ ஒரு பொம்புள. நல்லாத்தான் பாடியிருக்கா. ஒண்ட கூட்டாளிக்கு அப்பிடியே எழுது.”

எழுதிவிட்டேன். பிள்ளைகளின் கொப்பியில் ஒரு பொய்யையும் நான் விட்டதில்லை. இது என் கையெழுத்தோடு போகிற முதல் பொய். நீதான் சொன்னாயே, இதுவும் அழியாமல் இருக்குமாம்.

பாண்டிருப்புக்குப் போய் உன் அம்மாவைப் பார்த்தேன். அண்ணாவின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு, எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தா. இனி மாதம் ஒருமுறை போவேன். அவவின் சுகத்தை நீ அவவிடமே கேட்டுக்கொள். எனக்கு எழுதாதே. வெளிநாட்டு முத்திரையைக் கண்டாலே ராத்தா எழும்பி உள்ளே போய்விடுகிறா.

கோட்டுக்குக் கீழே உள்ளதை வாசித்ததும் கிழித்துவிடு. மேலே உள்ளதுதான் மூலம்.

நதீரா